மாதவிடாய் வலிக்கு எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்: முழுமையான வழிகாட்டி

"தாங்க முடிகிறதா?" மாதவிடாய் வலி என்று சொன்னால் நம்மிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி இதுதான். நாமும் நம்மை இதைத்தான் கேட்டுக்கொள்கிறோம். நானும் பல வருடம் அப்படியே கேட்டு, "தாங்க முடிகிறது" என்று பதிலும் சொல்லிக்கொண்டு, டாக்டர் பக்கமே போகாமல் இருந்தேன். ஒன்றரை நாள் இருந்த வலி ஐந்து நாளாக நீண்டதையும், ஒரு மாத்திரை மூன்று மாத்திரையானதையும் கவனிக்கவே இல்லை. கடைசியில் போனபோது வந்த கேள்விகள் வேறு மாதிரி இருந்தன. ரத்தப்போக்குக்கு எத்தனை நாள் முன்பே வலி தொடங்குகிறது? எந்த வயதிலிருந்து? மலம் கழிக்கும்போது வலிக்கிறதா? மாத்திரை போட்டால் எவ்வளவு குறைகிறது? ஒன்றுக்கும் என்னிடம் உருப்படியான பதில் இல்லை. ஒரு ஸ்கேன் எடுத்தார்கள், நார்மல் என்றார்கள், வலி மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

தாங்கும் சக்தி ஆளுக்கு ஆள் மாறும். பழகப் பழகக் கூடவும் செய்யும். அதை வைத்து வலிக்குப் பின்னால் ஏதாவது நோய் இருக்கிறதா என்று சொல்ல முடியாது. அதைச் சொல்வது வேறு நான்கு விஷயங்கள்: வலி எப்போது வருகிறது, முன்பிருந்ததிலிருந்து மாறியிருக்கிறதா, மருந்துக்கு அடங்குகிறதா, கூடவே என்னென்ன வருகிறது. கீழே உள்ள எல்லாப் படிகளும் இந்த நான்கைச் சுற்றித்தான்.

படி 1: இப்போதே கிளம்ப வேண்டிய வலியா என்று பாருங்கள்

இந்தப் பகுதியில் சொல்வது எதுவும் உங்களுக்கு இப்போது இருந்தால் மற்றதைப் படிக்க வேண்டாம். அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், வழியில் மயக்கம் வரலாம்.

முதலில் யோசிக்க வேண்டியது, கர்ப்பமாக இருக்க வாய்ப்பு உண்டா என்பது. கரு கர்ப்பப்பைக்குள் தங்காமல் கருக்குழாயில் தங்கிவிட்டால், அது வளர வளரக் குழாய் வெடித்து வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கசியும். உயிருக்கு ஆபத்தான நிலை இது. நம்மை ஏமாற்றுவது என்னவென்றால், அப்போது வெளியே வரும் ரத்தம் மாதவிடாய் போலவே தெரியும். நாள் கொஞ்சம் தள்ளிப்போயிருக்கும், போக்கு வழக்கத்தைவிடக் குறைவாகவோ கரும்பழுப்பாகவோ இருக்கும், வலி ஒரு பக்கமாக இருக்கும். "சரி, லேட்டாக வந்திருக்கிறது" என்று நினைத்துப் படுத்துவிடுவோம். இதோடு தலைசுற்றல், மயக்கம், அல்லது தோள்பட்டை நுனியில் காரணமே இல்லாத வலி இருந்தால் ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது. வயிற்றுக்குள் கசிந்த ரத்தம் உதரவிதானத்தை (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) உறுத்துவதால்தான் தோளில் வலி தெரிகிறது. காப்பர் டி போட்டிருப்பவர்களும் இதை ஒதுக்கிவிடக் கூடாது. காப்பர் டி இருக்கும்போது கர்ப்பமாவது அரிதுதான், ஆனால் அப்படி ஆகிவிட்டால் கரு குழாயில் தங்கியிருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம்.

மற்றவை:

- திடீரென்று, ஒரு பக்கமாக, கத்தியால் குத்தினாற்போல வலி, கூடவே வாந்தி. சினைப்பை தன் காம்பில் முறுக்கிக்கொண்டிருக்கலாம். ரத்த ஓட்டம் நின்றுவிட்டால் சில மணி நேரத்தில் சினைப்பையே போய்விடும். வலது பக்கம் என்றால் குடல்வாலாகவும் இருக்கலாம். எதுவென்று வீட்டில் கண்டுபிடிக்க முடியாது, கண்டுபிடிக்க வேண்டியதும் இல்லை.
- வலியோடு 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், நாற்றமடிக்கும் வெள்ளைப்படுதல். மாதவிடாய் வலியால் மட்டும் காய்ச்சல் வராது. இடுப்புப் பகுதியில் தொற்று இருக்கலாம்.
- ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் என்று முழுவதும் நனைந்து, அது இரண்டு மணி நேரத்தைத் தாண்டியும் தொடர்வது. படபடப்பு, மூச்சு வாங்குதல், எழுந்து நின்றால் கண் இருட்டுதல் இருந்தால் இன்னும் அவசரம்.
- டாம்பானோ கப்போ உள்ளே இருக்கும்போது திடீரென்று கடும் காய்ச்சல், வெயிலில் சுட்டது போலத் தோல் சிவத்தல், வாந்தி, தலைசுற்றல். முதலில் அதை வெளியே எடுங்கள், பிறகு ஓடுங்கள். அரிதான நச்சு அதிர்ச்சி நோய் இது. வந்தால் மிக வேகமாக முற்றும்.
- பிரசவம், கருக்கலைப்பு, காப்பர் டி பொருத்துதல் போன்றவை நடந்து சில நாட்களில் அல்லது வாரங்களில் வரும் கடுமையான வலியும் காய்ச்சலும்.

இவை எதுவும் இல்லையென்றால் இன்று ராத்திரி ஓட வேண்டியதில்லை.

படி 2: சாதாரண வலியின் முகத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

வலி எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்தால், எது வழக்கம், எது வழக்கமில்லை என்பது தானாகப் பிடிபடும்.

மாதவிடாய் நெருங்கும்போது கர்ப்பப்பையின் உட்சுவர் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கிறது. அது கர்ப்பப்பைத் தசையை இறுக்கிப் பிழிந்து உட்சுவரை வெளியே தள்ள வைக்கிறது. இறுகும்போது தசைக்குள் ஓடும் ரத்தக்குழாய்களும் நசுங்கிவிடுகின்றன. ரத்தம் கிடைக்காத தசை வலிக்கிறது. புரோஸ்டாகிளாண்டின் எவ்வளவு அதிகமோ வலியும் அவ்வளவு அதிகம். அது கர்ப்பப்பையோடு நிற்பதும் இல்லை. குடலையும் சுருங்க வைப்பதால்தான் முதல் நாள் வயிற்றுப்போக்கு. குமட்டலும் தலைவலியும்கூட அதன் வேலைதான்.

இதிலிருந்து சாதாரண வலியின் கால அட்டவணை கிடைக்கிறது. ரத்தப்போக்கு தொடங்குவதற்குச் சில மணி நேரம் முன்போ, தொடங்கும்போதோ வலி ஆரம்பிக்கும். முதல் நாளும் இரண்டாம் நாளும் உச்சத்தில் இருக்கும். உட்சுவர் கழியக் கழியப் புரோஸ்டாகிளாண்டினும் கழிந்துவிடுவதால் இரண்டு மூன்று நாளுக்குள் அடங்கிவிடும். அடிவயிற்றின் நடுவில் பிடித்து இழுக்கும், இடுப்புக்கும் தொடைக்கும் பரவும். விட்டு விட்டு, அலை அலையாக வரும். மாதா மாதம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும்.

தொடங்கும் வயதும் ஒரு துப்பு. பெரும்பாலும் வயதுக்கு வந்து ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து, கருமுட்டை ஒழுங்காக வெளிவரத் தொடங்கிய பிறகுதான் இந்த வலி ஆரம்பிக்கும். வயது ஏறும்போது குறைவதும் உண்டு. அதனால் இருபதுகள் முழுக்க வலியே தெரியாமல் இருந்துவிட்டு முப்பதுக்கு மேல் புதிதாக வலி வந்தால், அதை "வயசாகுது, அதான்" என்று தள்ளிவிடாதீர்கள். கணக்கு அதற்கு நேர் எதிரானது.

படி 3: மாத்திரையைச் சரியான முறையில் போட்டுப் பாருங்கள்

"மாத்திரை எனக்குக் கேட்காது" என்று சொல்பவர்களில் பலர் அதைத் தவறான நேரத்தில் போடுகிறார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தவள்தான். வலி உச்சிக்கு ஏறி, படுக்கையில் சுருண்ட பிறகுதான் மாத்திரையைத் தேடுவேன், அதுவும் ஒன்றே ஒன்று.

ஐபுப்ரோஃபென், மெஃபனாமிக் அமிலம், நாப்ராக்சென் ஆகியவை புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியையே தடுக்கும் மருந்துகள். ஏற்கெனவே சுரந்துவிட்டதை அவை துடைத்தெடுக்காது. ஆகவே வலி தொடங்கும் அந்த முதல் நிமிடங்களில், முடிந்தால் ரத்தப்போக்கு தொடங்கியவுடனேயே போட வேண்டும். மாதவிடாய் நாள் தவறாமல் வருபவர்கள் முந்தைய நாளே தொடங்கலாம். அப்புறம் வலி திரும்பும் வரை காத்திருக்காமல், முதல் இரண்டு மூன்று நாளுக்கு இடைவெளி வைத்து ஒழுங்காகப் போட வேண்டும். பெரியவர்களுக்கு ஐபுப்ரோஃபென் 400 மில்லிகிராம், ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, சாப்பிட்ட பிறகு. டாக்டர் சொல்லாமல் ஒரு நாளைக்கு 1200 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. சிறுமிகளுக்கு அளவு வேறு, மருந்தாளரிடமோ டாக்டரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். இந்த வகையில் ஏதாவது ஒன்றைத்தான் போட வேண்டும். இரண்டைச் சேர்த்துப் போட்டால் வயிறுதான் புண்ணாகும். பாரசிட்டமால் இந்த வகை இல்லை, வேலை செய்யும் விதமும் வேறு. மாதவிடாய் வலிக்கு அது கொஞ்சம் பலம் குறைந்ததுதான், ஆனாலும் மற்றவை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அதுதான் வழி.

யாருக்கு ஒத்துக்கொள்ளாது? வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இதய நோய் உள்ளவர்கள், ஆஸ்பிரின் போட்டால் ஆஸ்துமா கிளம்புபவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்கள், கர்ப்பமாக இருப்பவர்கள் அல்லது இருக்கலாம் என்ற சந்தேகம் உள்ளவர்கள். இவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

கூடவே அடிவயிற்றில் சூடு வையுங்கள். சூட்டுப் பையும் சூடு தரும் பட்டையும் மருந்துக்குக் கிட்டத்தட்ட ஈடாக நிவாரணம் தருவதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். வெறும் ஆறுதல் வைத்தியம் என்று நினைக்க வேண்டாம். தோல் சிவந்து கொப்பளிக்கும் அளவுக்கு மட்டும் போகாதீர்கள். மாதம் முழுக்க வாரத்துக்கு மூன்று நாளாவது முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்பவர்களுக்கும் வலி குறைவதுண்டு. ஆனால் வலிக்கிற அன்றே ஓடினால் சரியாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

இப்படி ஒழுங்காக மூன்று மாதவிடாய்க்குச் செய்து பாருங்கள். சாதாரண வலி உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு இதில் நன்றாகவே குறைந்துவிடும். குறையவில்லையா, அதுவே டாக்டரைப் பார்க்கப் போதுமான காரணம். வேறு எந்த அறிகுறியும் வேண்டாம்.

படி 4: வலி என்ன சொல்கிறது என்று கேளுங்கள்

இது நேரம் எடுத்துக்கொண்டு பார்க்க வேண்டிய படி. இங்கே சொல்பவற்றில் ஒன்று பொருந்தினாலும் இந்த மாதத்துக்குள் மகப்பேறு மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள். மூன்று மாதப் பரிசோதனை முடியட்டும் என்று இருக்க வேண்டாம்.

*வலி தன் எல்லையைத் தாண்டுகிறதா?* ரத்தம் வருவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே தொடங்குவது, ரத்தம் நின்ற பிறகும் நீடிப்பது, மாதத்தின் நடுவில் மற்ற நாட்களிலும் தலைகாட்டுவது. மாதவிடாயின்போது மலம் கழிக்கையிலோ சிறுநீர் போகையிலோ உள்ளே இழுத்துக் குத்துவது. உடலுறவின்போது ஆழத்தில் வலிப்பது. இவையெல்லாம் எண்டோமெட்ரியோசிஸ் பக்கம் கையைக் காட்டும். கர்ப்பப்பையின் உட்சுவரைப் போன்ற திசு வெளியே, சினைப்பை மீதோ இடுப்புக்குழியின் சுவரிலோ குடல் மீதோ வளர்வதுதான் இந்த நோய். குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்களில் ஏறத்தாழ 10 சதவீதம் பேருக்கு, உலகம் முழுக்க சுமார் 19 கோடிப் பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆனாலும் முதல் அறிகுறி தெரிந்த நாளிலிருந்து நோயின் பெயர் தெரியும் நாள் வரை பல வருடங்கள் ஓடிவிடுகின்றன. காரணம் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. "எல்லாருக்கும் இருப்பதுதானே" என்று நாமும் சொல்கிறோம், சுற்றியிருப்பவர்களும் சொல்கிறார்கள், சில நேரம் டாக்டரும் சொல்லிவிடுகிறார். அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ இந்த நோய் இருந்தால் உங்களுக்கு வரும் வாய்ப்பு கூடும். "எங்கள் வீட்டில் எல்லாருக்கும் இப்படித்தான்" என்பது அதனால் ஆறுதல் ஆகாது, துப்புதான். இன்னொன்று: நோய் பரவியிருக்கும் அளவுக்கும் வலியின் அளவுக்கும் சம்பந்தமில்லை. சின்னச் சின்னப் புள்ளிகளே ஒருவரைப் படுக்கையில் போட்டுவிடும். இன்னொருவருக்குச் சினைப்பையில் பெரிய சாக்லேட் கட்டி (இந்த நோயால் பழைய ரத்தம் தேங்கி உண்டாகும் கட்டி) இருந்தும் வலி தெரியாமல் போகும்.

*வலி மாறுகிறதா?* பத்து வருடமாக ஒரே மாதிரி இருந்த வலி இந்த ஆறு மாதத்தில் கூடிக்கொண்டே போகிறது, இடம் மாறியிருக்கிறது, நாள் நீண்டிருக்கிறது என்றால் அது கேள்வி கேட்க வேண்டிய மாற்றம். முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் புதிதாகத் தொடங்கி வளரும் வலி, கூடவே அதிக ரத்தப்போக்கு, வயிறு கனத்துத் தொங்குவது போன்ற உணர்வு இருந்தால், அடினோமயோசிஸ் இருக்கலாம். இதில் உட்சுவர்த் திசு கர்ப்பப்பையின் தசைக்குள்ளேயே புகுந்து வளர்கிறது. கர்ப்பப்பையில் வளரும் ஃபைப்ராய்டு என்ற தசைக்கட்டிகளும் ஏறக்குறைய இதே வயதில்தான் தொல்லை தரத் தொடங்கும். அவை பெரும்பாலும் புற்றுநோய் அல்ல, ஆனால் இருக்கும் இடத்தைப் பொறுத்து ரத்தப்போக்கைக் கூட்டும், சிறுநீர்ப்பையை அழுத்தி அடிக்கடி எழுந்து போக வைக்கும்.

*போக்கு எவ்வளவு?* ஏழு நாளைத் தாண்டுவது. ஒன்று இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் மாற்ற வேண்டியிருப்பது. ராத்திரியில் மாற்றுவதற்காகவே எழுந்திருப்பது. இரண்டரை சென்டிமீட்டரைவிடப் பெரிய ரத்தக் கட்டிகள் விழுவது. இவை அதிக ரத்தப்போக்கு. வலி தாங்கும்படி இருந்தாலும் இதற்காகவே டாக்டரைப் பார்க்க வேண்டும். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, எப்போதும் சோர்வாக இருக்கிறது என்றால் ஹீமோகுளோபினைப் பாருங்கள். கர்ப்பமில்லாத பெண்களுக்கு அது டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. ஃபெரிட்டினையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் குறைவதற்கு முன்பே உடம்பில் இரும்புச்சத்துக் கையிருப்பு காலியாகத் தொடங்கிவிடும், அதை ஃபெரிட்டின் காட்டிக்கொடுக்கும்.

*கர்ப்பத்தடைச் சாதனம் இருக்கிறதா?* காப்பர் டி போட்ட முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில் வலியும் ரத்தப்போக்கும் கூடுவது எதிர்பார்க்கக் கூடியது. அதற்குப் பிறகும் குறையாவிட்டாலோ, நன்றாக இருந்துவிட்டுத் திடீரென்று வலி வந்தாலோ, நூல் கைக்குத் தட்டுப்படாவிட்டாலோ அது இடம் நகர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

*தொற்றுக்கான அறிகுறி உண்டா?* காய்ச்சல் இல்லாமலும் இடுப்புக்குழித் தொற்று மெல்லப் புகையலாம்: நிறமோ வாடையோ மாறிய வெள்ளைப்படுதல், மாதவிடாய்க்கு நடுவே ரத்தத் துளிகள், உடலுறவுக்குப் பின் ரத்தம், அடிவயிற்றில் ஓயாத கடுப்பு. ஆன்டிபயாடிக் தாமதமானால் கருக்குழாய் தழும்பேறி அடைபட்டுவிடும், பிறகு குழந்தை உண்டாவதில் சிக்கல் வரும். இதை ஒத்திப்போடவே கூடாது.

கடைசியாக, எல்லாவற்றையும்விட எளிதான சோதனை: வலிக்காக எதையெல்லாம் விட்டுக்கொடுக்கிறீர்கள்? மாதம் ஒரு நாள் விடுப்பு, தள்ளிப்போட்ட பயணம், தேதி பார்த்து ஒதுக்கும் தேர்வு. வாந்தியும் மயக்கமும் சாதாரண வலியிலும் வரலாம், புரோஸ்டாகிளாண்டின் அதையும் செய்யும். ஆனால் அடிப்படையில் நோய் இல்லாவிட்டாலும் இந்த அளவு வலிக்குச் சிகிச்சை உண்டு. நோய் இருந்தால்தான் டாக்டரிடம் போகலாம் என்று எந்தச் சட்டமும் இல்லை.

படி 5: இரண்டு மூன்று மாதம் எழுதி வையுங்கள்

பெரிய நோட்டு, செயலி எதுவும் அவசியமில்லை. தினம் ஒரு வரி போதும். ரத்தப்போக்கு தொடங்கிய தேதி, நின்ற தேதி, வலி தொடங்கிய நாளும் நேரமும், பத்துக்கு எவ்வளவு, எந்த இடம், என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு, ஒரு மணி நேரம் கழித்து பத்துக்கு எவ்வளவு, எத்தனை நாப்கின், அன்று எதைச் செய்ய முடியாமல் போயிற்று. மலம், சிறுநீர், உடலுறவு இவற்றின்போது வலி இருந்தால் அதையும் எழுதுங்கள். வலி இல்லாத நாட்களையும் விட்டுவிடாதீர்கள். "மாதத்தில் பத்து நாள் வலி" என்பது தாளில் வரும்போதுதான் நமக்கே உறைக்கும்.

வலிக்குத் தமிழில் வார்த்தைக்குப் பஞ்சமில்லை, தயங்காமல் பயன்படுத்துங்கள். பிழிகிறதா, இழுக்கிறதா, குத்துகிறதா, கடுக்கிறதா, எரிகிறதா, கனக்கிறதா, சுருக்கென்று வந்து போகிறதா? அலை அலையாகப் பிழிவது தசை சுருங்குவதைக் காட்டும். ஒரே இடத்தில் கத்தி போலக் குத்துவதும், காலுக்கு மின்னல் போல இறங்குவதும் வேறு கதை. "ரொம்ப வலிக்குது" என்பதைவிட "ஆசனவாய்ப் பக்கம் உள்ளே குத்தி இழுக்குது" என்பது டாக்டருக்குப் பத்து மடங்கு உதவும்.

மேலே படி 4-இல் ஏதாவது உங்களுக்குப் பொருந்தினால், எழுதி முடிக்கும் வரை காத்திருக்காமல் நேரத்தை வாங்கிவிட்டு அதுவரை எழுதுங்கள்.

படி 6: டாக்டர் முன்னால்

முதல் வாக்கியத்திலேயே முக்கியமானதைச் சொல்லிவிடுங்கள். "மாதவிடாய் வலி" என்று மட்டும் தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும் ஆபத்து உண்டு. "ஒரு வருடமாக வலி கூடிக்கொண்டே வருகிறது, மாத்திரை ஒழுங்காகப் போட்டும் பாதிதான் குறைகிறது, மாதம் இரண்டு நாள் வேலைக்குப் போக முடிவதில்லை." இப்படிச் சொன்னால் மாற்றம், மருந்து, பாதிப்பு மூன்றும் ஒரே மூச்சில் வந்துவிடும்.

டாக்டர் கர்ப்பப் பரிசோதனை கேட்கலாம், ரத்தப் பரிசோதனை சொல்லலாம், வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார். உள்பரிசோதனை தேவை என்றால் எதற்கு என்று கேளுங்கள். கூட ஒரு பெண் இருக்கட்டும் என்று சொல்லலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம், நடுவில் நிறுத்தச் சொல்லலாம். உடலுறவு அனுபவம் இல்லாதவர்களுக்கு அது இல்லாமலே, வயிற்றின் மேலிருந்து ஸ்கேன் எடுத்துத் தொடங்க முடியும்.

இனி ஸ்கேன் பற்றி. ஃபைப்ராய்டு, சினைப்பைக் கட்டி, சாக்லேட் கட்டி, அடினோமயோசிஸ் போன்றவற்றை அல்ட்ராசவுண்ட் நன்றாகவே காட்டும். ஆனால் எண்டோமெட்ரியோசிஸின் மேலோட்டமான புள்ளிகள் அதில் தெரியாது, எம்ஆர்ஐ-யிலும் தப்பிவிடலாம். ஆகவே "ஸ்கேன் நார்மல்" என்றால் ஸ்கேனில் தெரியக் கூடிய எதுவும் இல்லை, அவ்வளவுதான். எனக்கு முதல் தடவை இது தெரியாது. நார்மல் என்ற வார்த்தையைக் கேட்டதும் வலியை நானே கற்பனை செய்கிறேனோ என்று என் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. மூன்று மாதம் எழுதிய நோட்டோடு வேறொரு டாக்டரிடம் போனபோது அவர் ஒன்றும் பேசாமல் பக்கங்களைப் புரட்டிவிட்டு, "மலம் கழிக்கையில் என்று எழுதியிருக்கிறீர்களே, எல்லா மாதமும் உண்டா?" என்று கேட்டார். அங்கிருந்துதான் விஷயம் நகர்ந்தது.

லேப்ராஸ்கோப்பி செய்து, அதாவது வயிற்றில் சின்னத் துளை போட்டுக் கேமரா விட்டு, உள்ளே பார்த்தால்தான் சிகிச்சை தொடங்கலாம் என்ற நிலையும் இப்போது இல்லை. ஐரோப்பிய மனித இனப்பெருக்க, கருவியல் சங்கத்தின் (ESHRE) 2022 வழிகாட்டல், அறிகுறிகளை வைத்தே மருந்து தொடங்கிப் பார்க்கலாம் என்கிறது. மருந்துக்கு அடங்காதவர்களுக்கும், குழந்தைக்காகக் காத்திருப்பவர்கள் சிலருக்கும் லேப்ராஸ்கோப்பி தேவைப்படும்.

ஹார்மோன் மாத்திரை என்றதும் பயப்படுபவர்கள் அதிகம். கர்ப்பத்தடைக்குத் தரும் அதே மாத்திரைகள் உட்சுவரை மெல்லியதாக வைத்து, புரோஸ்டாகிளாண்டினைக் குறைத்து, வலியைக் குறைக்கின்றன. நிறுத்தினால் கருத்தரிக்கும் திறன் திரும்பிவிடும். டாக்டர் சொல்லும் முறையில் இடைவெளி விடாமல் எடுத்து மாதவிடாயையே தள்ளி வைப்பதாலும் கெடுதல் இல்லை. உள்ளே "அழுக்கு ரத்தம் தேங்கும்" என்பது கட்டுக்கதை. ஆனால் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை எல்லாருக்கும் ஏற்றதல்ல. ஒற்றைத் தலைவலிக்கு முன் கண்ணில் ஒளிக்கீற்று தெரிபவர்கள், ரத்தக்கட்டு வந்தவர்கள், 35 வயதுக்கு மேல் புகைபிடிப்பவர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அவர்களுக்குப் புரோஜெஸ்டின் மட்டும் உள்ள மாத்திரையோ, அதே ஹார்மோனைக் கர்ப்பப்பைக்குள் மெல்ல வெளியிடும் சாதனமோ பொருந்தலாம்.

"குழந்தை பெற்றுக்கொள், வலி போய்விடும்" என்று யார் சொன்னாலும், வெள்ளைக் கோட்டு போட்டவர் சொன்னாலும், அது சிகிச்சை அல்ல. கர்ப்ப காலத்தில் சிலருக்கு வலி அடங்கியிருக்கும், பிறகு பலருக்குத் திரும்பிவிடும். முதல் சந்திப்பிலேயே கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று பேச்சு வந்தால் இன்னொரு டாக்டரின் கருத்தைக் கேட்காமல் தலையாட்டாதீர்கள். எண்டோமெட்ரியோசிஸ் கர்ப்பப்பைக்கு வெளியே இருப்பது, அதை எடுத்த பிறகும் வலி தொடரலாம்.

வீட்டில் பெண் பிள்ளை இருந்தால்

சின்ன வயது என்பதால் நோய் இருக்காது என்று நினைக்க வேண்டாம். பதின்ம வயதிலும் எண்டோமெட்ரியோசிஸ் உண்டு. வலி மாத்திரைக்கும் ஹார்மோன் மாத்திரைக்கும் அடங்காத பெண்களில் பலருக்கு அதுதான் காரணமாக இருக்கிறது. பள்ளிக்குப் போகாமல் மாதா மாதம் ஒரே தேதியில் படுத்துக்கொண்டால் சாக்குப் போக்கு என்று திட்டுவதற்கு முன் காலண்டரைப் பாருங்கள்.

தனியாக இரண்டைக் கவனிக்க வேண்டும். முதல் மாதவிடாயிலேயே தொடங்கிவிட்ட கடுமையான வலி, மாதம் ஏற ஏற மோசமாவது. கர்ப்பப்பையோ பிறப்புறுப்போ பிறவியிலேயே ஒரு பக்கம் அடைபட்டிருக்கலாம். இன்னொன்று, மார்பு வளர்ந்து மற்ற மாற்றங்கள் வந்தும் ரத்தம் மட்டும் வராமல், மாதம் ஒருமுறை அடிவயிறு வலிப்பது. வெளிவழி சவ்வால் மூடியிருந்தால் ரத்தம் உள்ளேயே தேங்கும். சின்ன அறுவை சிகிச்சையில் சரியாகிவிடும், தாமதித்தால்தான் தொல்லை. வலி இருக்கிறதோ இல்லையோ, 15 வயதாகியும் மாதவிடாய் வராத பெண்ணை டாக்டரிடம் காட்ட வேண்டும்.

படி 7: திரும்பப் போகும் நாளை முன்பே குறித்துக்கொள்ளுங்கள்

சிகிச்சை தொடங்கினால் வலி குறைகிறதா என்று முடிவு செய்ய மூன்று மாதமாவது வேண்டும். ஹார்மோன் மருந்து தொடங்கிய முதல் மாதங்களில் இடையிடையே துளி துளியாக ரத்தம் படலாம், அதற்காக உடனே நிறுத்தாதீர்கள். ஆனால் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் வலி கணிசமாகக் குறையவில்லை என்றால், அதே மருந்தைத் தொடர்ந்து எழுதிக் கொடுப்பது போதாது. காரணத்தை மறுபடி தேட வேண்டிய நேரம் அது. "அடுத்து என்ன பார்க்கலாம்?" என்று நேராகக் கேளுங்கள். பதிலாகத் தோளைக் குலுக்கினால், எண்டோமெட்ரியோசிஸில் பழக்கமுள்ள வேறொரு மருத்துவரைத் தேடுங்கள். ஸ்கேன் படங்களையும் அறிக்கைகளையும் நோட்டையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள், எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.